பன்னிரண்டு சூரியன்களை நூர்த்த அக்கா

யார் வீட்டுக்குப் போனாலும் நாமெல்லாம் முதலில் செருப்பை எங்கே விடுவது என்று தேடுவோம். அந்த அக்கா சுவிட்சைத் தேடுவார். போடுவதற்கு அல்ல.

"இதை நூர்க்கட்டே?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்பார். நூர்ப்பது என்றால் யாழ்ப்பாணத்தில் விளக்கை அணைப்பது. நம் வீட்டுக்காரர்கள் மதுரையோ கோயமுத்தூரோ மாம்பலமோ. என்ன கேட்கிறார் என்று யோசித்து, மரியாதையாகச் சிரித்து, "ஓ, ஷ்யூர்" என்று தலையாட்டுவதற்குள் ஹால் இருட்டாகியிருக்கும்.

சான் ஹோசேயில் ஒரு நண்பரின் ஐம்பதாவது பிறந்தநாளில் இப்படித்தான் நூர்த்தார். திடீரென்று லைட் போனதும், கேக் வருகிறது என்று நினைத்து நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கேக் அப்போது கடையிலிருந்தே கிளம்பவில்லை. இரண்டு தரம் பாடி முடித்தும் ஒன்றும் வராததால், பிறந்தநாள்காரர் கையிலிருந்த சமோசாவை மெழுகுவர்த்தி மாதிரி ஊதினார். அக்கா மட்டும் எதையும் கவனிக்காமல், ஜன்னலோரம் இருந்த ஒரு சின்ன விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியர்கள் படத்தைப் பார்ப்பார்களே, அப்படி.

மில்பிடாஸில் அவருக்குச் சொந்தமாகப் பல் கிளினிக் இருந்தது. ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. கட்டையாக வெட்டிய நரைமுடி, கிளினிக் போடும் நீலச் சட்டை, ஓடுகிற ஆள் போடும் ஷூ. கைப்பையில் மற்ற பெண்கள் லிப்ஸ்டிக், சாவி, இருமல் மிட்டாய் வைத்திருப்பார்கள். இவர் பையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று, பழைய சாக்ஸுக்குள் சுருட்டிய பல்பு இரண்டு. விமான நிலையப் பரிசோதனையில் அந்த சாக்ஸைப் பற்றி அவர் கொடுத்த விளக்கத்தைக் கேட்டு, அங்கிருந்த அதிகாரி தன் வீட்டுச் சமையலறையைப் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டாராம். இது அவரே சொன்னது. எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இங்கிதத்துக்குக்கூடச் சொல்ல மாட்டார், அதுதான் பிரச்சினை.

நான் அவரை முதலில் சந்தித்தபோது என் வாய் திறந்திருந்தது. ரூட் கனால். ஒரு மணி நேரம் அவர் பேசினார், நான் கேட்டேன். என் மனைவி வித்யாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போய், வீட்டுக்கும் ஒரு செட் வாங்க முடியுமா என்று பிறகு விசாரித்தாள். ஊசி போட்ட கன்னம் பாதி செத்திருந்த நிலையில், புது வீடு வாங்கியதைப் பற்றி எச்சில் ஒழுகப் பெருமையடித்தேன்.

"ஹாலுக்கு மட்டும் பன்னெண்டு லைட்டு, டாக்டர். நானே போட்டது."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "பன்னெண்டோ? ஒரு ஹோலுக்கோ? ஏன் தம்பி, அங்க ஓப்பரேஷன் செய்யப் போறீரோ?"

"நல்லா பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..."

"ஆற்ர யோசனை?"

"என் யோசனைதான்."

"அதுதானே பாத்தன்" என்றார். "டாக்டர் எண்டு கூப்பிடாதேயும். அக்கா எண்டு சொல்லும். பில்லைக் கண்டாப் பிறகு வேற மாதிரிச் சொல்லத் தோணும், அதுக்கு முதலே பழகிக்கொள்ளும்."

இந்தப் பன்னிரண்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹாலுக்கு நாலு போதும். கூரையில் ஓட்டை போட்டு உள்ளே பதிக்கிற வட்ட விளக்குகள், பார்த்திருப்பீர்கள். நான் கடைக்குப் போனேன். ஒரு பெட்டியில் பன்னிரண்டு இருந்தது. தனித்தனியாக வாங்குவதைவிட அதில் ஒரு விளக்கின் விலை குறைவு. நம்மைப் போன்ற ஆளுக்கு அங்கேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. பெட்டியில் பன்னிரண்டு இருந்ததால் கூரையில் பன்னிரண்டு ஓட்டை. அதிலும் வீடியோ பார்த்துப் பார்த்துப் போட்டதில் ஏழாவது ஓட்டை இடம் தவறி, எட்டாவதாக ஒன்று போட வேண்டியதாகி, ஏழாவதை மறைக்க ஒரு புகை எச்சரிக்கைக் கருவியை அங்கே மாட்டினேன். அதற்கு உள்ளே பேட்டரி கிடையாது. அழகுக்கு.

நிறமும் நானே தேர்ந்தெடுத்ததுதான். பெட்டியில் 'டேலைட்' என்று எழுதியிருந்தது. பகல் வெளிச்சம் வேண்டாம் என்று எந்த மனிதனாவது சொல்வானா? முதல் நாள் பன்னிரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, குடும்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் மகள், இங்கேயே பிறந்தவள், எட்டு வயது, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, இட்ஸ் லைக் எ பார்க்கிங் லாட்."

கோயமுத்தூரிலிருந்து வீடியோவில் பார்த்த மாமனார், "பன்னெண்டு சூரியன்னு சாஸ்திரத்துல படிச்சிருக்கேன், மாப்ள. இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். பாராட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

வித்யா ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனாள். அவள் கவலை வேறு. நியூ ஜெர்சியில் எடிசனில் ஒன்பது வருஷம் இருந்தோம். அங்கே அவளுக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருத்தி வீட்டில் ரசம் கொதித்தால் இன்னொருத்தி வீட்டில் சாதம் வெந்துகொண்டிருக்கும். எனக்கு இங்கே பதவி உயர்வோடு வேலை கிடைத்தது என்று எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு வந்தோம். அவள் வேலை வீட்டிலிருந்தபடியே செய்வது. ஆபீஸ் என்று போய் நாலு முகம் பார்க்கவும் வழியில்லை. மகளைப் பள்ளியில் விடும்போது மற்ற அம்மாக்களிடம் "ஹாய்", கூட்டிக்கொண்டு வரும்போது "பை". இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்.

"ஒரு வருஷம் பாக்கறேன்" என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள். "ஒரே ஒரு ஃப்ரெண்டு கிடைச்சாலும் போதும், இருந்துடறேன். இல்லேன்னா எடிசனுக்கே போயிடலாம். வீட்ட வித்துக்கோ, வேலைய விடு, எனக்குத் தெரியாது." வித்யா ஒன்றைச் சொன்னால் செய்வாள். பதினோரு மாதம் முடிந்திருந்தது.

அதனால்தான் அந்த வருஷ நவராத்திரி கொலு. வாட்ஸாப் குரூப்பில் அறுபது குடும்பங்களுக்கு அழைப்பு போட்டாள். ஒன்பது நாளும் வரலாம், எப்போதும் வரலாம். ஏழு படி கட்டினோம். சோபாவை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஜமுக்காளம் விரித்தாள். பெண்கள் வருவார்கள், உட்காருவார்கள், பேசுவார்கள். அதில் ஒருத்தியாவது சிநேகிதியாக நிற்பாள். அவள் கணக்கு அவ்வளவுதான்.

வந்தார்கள். அதைச் சொல்ல வேண்டும், முதல் நாளே பதினோரு குடும்பங்கள். பாஸ்போர்ட் ஆபீசில் வரிசையில் நிற்பதுபோல் படிகளுக்கு முன்னால் நின்றார்கள். "நல்லா இருக்குங்க" என்றார்கள். போட்டோ எடுத்தார்கள், அதிலும் எல்லோரும் பாஸ்போர்ட் படத்தில் விழுவதுபோலவே விழுந்தார்கள். வெற்றிலை பாக்கு, குங்குமம், பையில் போட்ட சுண்டல். "ஃப்ரீவேல டிராஃபிக் ஜாஸ்தியாயிடும், வரட்டுமா?" சராசரியாக ஏழு நிமிஷம். ஜமுக்காளத்தில் உட்கார்ந்தது எங்கள் மகள் மட்டும்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு அம்மாள் ஐந்து நிமிஷத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

"ஒருத்தி கூட உக்காரலை பாத்தியா" என்றாள் வித்யா. "இதே பொம்பளைங்க நேத்து ஃப்ரீமாண்ட்ல ஒரு வீட்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து அரட்டை அடிச்சிருக்காங்க. ஸ்டேட்டஸ்ல போட்டிருக்காங்க. என்னைத்தான் பிடிக்கலை."

கணவனாகப்பட்டவன் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சுண்டல்ல கொஞ்சம் உப்பு கம்மியோ?" என்றேன். அன்று முதல் காலை, மதியம் இரண்டு வேளையும் எனக்கு மீந்த சுண்டல்தான்.

நாலாம் நாள் மாலை அக்கா வந்தார். அவர் கிறிஸ்தவர். ஆனால் கடலை எங்கே அவித்தாலும் போகத் தடையில்லை என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். கதவைத் திறந்தேன். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் நின்றபடி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். தலையில் ஏற்றிவைத்திருந்த கறுப்புக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அப்படியே உள்ளே வந்து, கறுப்புக் கண்ணாடியோடு கொலுவுக்கு முன்னால் கைகட்டி நின்றார். துக்க வீட்டுக்கு வந்த சினிமாக்காரர் மாதிரி இருந்தது.

வித்யாவுக்கு முகம் மாறிவிட்டது. "என்னக்கா, கண்ணுல ஏதாவது..."

"கண்ணில ஒண்டுமில்லைப் பிள்ளை. கூரையிலதான்." என் பக்கம் திரும்பினார். "நான் அண்டைக்குப் பகிடி எண்டெல்லோ நினைச்சனான். மெய்யாவே பன்னெண்டு வச்சிருக்கிறீர்!"

பிறகு அவர் செய்ததை அந்த ஊரில் பலர் வீட்டில் பார்த்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் முதல் தடவை. வீட்டில் உள்ள ஒவ்வொரு இருக்கையிலும் போய் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார். சோபாவின் இந்த முனை, அந்த முனை, சாப்பாட்டு மேஜையின் ஆறு நாற்காலி, மகளின் குட்டி நாற்காலி. ஒவ்வொன்றிலும் அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பல்லுக்குப் பின்னால் சொத்தை தேடுவதுபோல் சுழற்றிப் பார்த்து, எந்தெந்த விளக்கு நேராகக் கண்ணில் குத்துகிறது என்று எண்ணினார். "மூண்டு... நாலு... இஞ்ச ஆறு!" ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். மல்லாந்து படுத்தார். "பன்னெண்டும்!" என்றார், ஏதோ லாட்டரி விழுந்ததுபோல். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி! இஞ்ச இருந்தா எனக்கு என்ர மூஞ்சையைப் பாக்கப் பயமாக் கிடக்குது! ஆர் இந்தக் கண்ணாடிக்கு மேல லைட்டைப் போட்டது?"

"நான்தான்க்கா!"

"தெரியும்! சும்மா கேட்டனான்!"

வெளியே வந்து வித்யாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் குரல் இறங்கியது.

"பிள்ளை, நான் முப்பது வருஷமாச் சனத்தின்ர வாய்க்குள்ள வெளிச்சம் அடிக்கிறன். ஒரு விஷயம் தெரியுமே? அந்த வெளிச்சம் கொஞ்சம் விலகிக் கண்ணில பட்டுதெண்டா, உடனே வாயை மூடிப்போடுவினம். தெரிஞ்சு செய்யிறேல்ல. தானா மூடும். கண் கூசினா வாய் திறக்காது. உன்ர வீட்டுக்கு வாற சனம் கதைக்காததுக்கு நீ காரணமில்லை."

அக்கா எழுந்துபோய்ச் சுவிட்சில் கை வைத்தார். "நூர்க்கட்டே?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று ஒரு அலறல். கொலுவின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டில் மாமியார். அங்கே அப்போது காலை. எழுந்ததும் பேத்தியோடு பேச வீடியோவில் வந்திருந்தார். "விளக்கு வெக்கற நேரத்துல யாராச்சும் லைட்ட அணைப்பாங்களா? லட்சுமி வர்ற நேரம்ங்க!"

அக்கா டேப்லெட்டுக்கு முன்னால் குனிந்தார். "அம்மா, குத்துவிளக்கை நான் தொடேல்ல. அது அப்பிடியே எரியட்டும். நான் நூர்க்கிறது உங்கட மருமகன்ர விளக்கை. இதுக்குள்ள லட்சுமி வந்தாலும் கண் கூசித் திரும்பிப் போடுவா."

மாமியார் ஒரு கணம் யோசித்தார். மாப்பிள்ளை மீதான பொதுவான அபிப்பிராயமும் அந்த யோசனையில் கலந்திருக்க வேண்டும். "அப்ப சரிங்க" என்றார்.

நூர்த்தார். பன்னிரண்டும் போயின. இரண்டு குத்துவிளக்கும் சமையலறையிலிருந்து வந்த கொஞ்சம் வெளிச்சமும் மிச்சம். படிகளில் பொம்மைகளுக்கு முதல்முறையாக நிழல் விழுந்து, மூக்கும் கன்னமும் வந்தன. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் பொம்மையைப் பார்க்கவில்லை.

"வித்யா" என்றார் டேப்லெட்டிலிருந்து. "இத்தனை நாளும் உன் மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாத் தெரிஞ்சுது. இப்பத்தான் தெரியுது. ஏன் கண்ணு, அழுதியா?"

வித்யா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லம்மா, சளி" என்றாள். யாரும் நம்பவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. நாலு நாளாக அவள் அழுதிருக்கிறாள், நான் பன்னிரண்டு விளக்கு போட்டும் பார்க்கவில்லை.

அக்கா பையிலிருந்து மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். உண்மையாகவே மருந்துச் சீட்டு. அதில் எழுதினார்: மஞ்சள் நிற பல்பு ஆறு. ஆள் உயரத்துக்கு நிற்கிற விளக்கு ஒன்று, சோபாவுக்குப் பின்னால். மேஜை விளக்கு மூன்று, மூலைகளில். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் சுவிட்ச் ஒன்று. கூரை விளக்கில் எட்டைக் கழற்றவும். கீழே அடிக்கோடு போட்டு, 'கட்டாயம்'.

"கடைசி நாள் எல்லாரையும் திரும்பக் கூப்பிடு, பிள்ளை" என்றார். "வராட்டி நான் பல்லுப் பிடுங்குவன் எண்டு சொல்லு."

இவ்வளவு சொன்னபிறகு, அவர் எப்போதும் சரியாகச் செய்தார் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. சன்னிவேலில் ஒரு வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு மேல் இருந்த வெளிச்சத்தை அவர் கழித்த கழிப்பில், ஒரு பெரியவர் மோர்க்குழம்பு என்று நினைத்துப் பாயசத்தைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்துவிட்டார். பாதி சாப்பிட்டபிறகுதான் முந்திரிப்பருப்பு பல்லில் பட்டது. அக்கா சமாளிக்கவில்லை. "என்ர பிழை" என்றார். மறுநாளே ஒரு தொங்கு விளக்கை வாங்கிக்கொண்டு போய், தட்டில் மட்டும் வெளிச்சம் விழுகிற உயரத்தில் தானே நின்று மாட்டவைத்தார். "கை வேலை செய்யிற இடத்தில வெளிச்சம் குறையக் கூடாது. கண் சும்மா இருக்கிற இடத்தில கூடக் கூடாது" என்று அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் தன் பிழையையும் சேர்த்துச் சொல்வார். அந்தப் பெரியவர் பாயச சாதம் நன்றாகத்தான் இருந்தது என்று கடைசிவரை வாதாடினார்.

இப்போது அவர் பேர்லேண்டில் மகளோடு இருக்கிறார். அங்கே மீனாட்சி கோயிலுக்குப் போய், பிரகாரத்து லைட்டைப் பற்றி நிர்வாகத்தில் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கிறிஸ்தவர் என்பதால் வாய் திறக்க மாட்டார் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

நம் கதைக்கு வருவோம். மருந்துச் சீட்டோடு நான் கடைக்குப் போனேன். ஆறு பல்பு, நாலு விளக்கு, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாலு பெட்டி வட்ட விளக்கு வாங்கலாம். தவிர, வியர்வை சிந்தி, கூரைத் தூசியைத் தின்று, இரண்டு வார இறுதிகளைக் கொடுத்துப் போட்ட விளக்குகளில் எட்டைக் கழற்றுவதா? என் மூளை அங்கே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. டிம்மர் சுவிட்சை மட்டும் வாங்கினேன். பன்னிரண்டையும் குறைத்து வைத்தால் கண் கூசாது, காசும் மிச்சம், ஓட்டையும் மிச்சம். இப்படிப்பட்ட மூளைக்குத்தான் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள்.

கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு மாட்டி முடித்தேன். ஆறரைக்கு வருகிறோம் என்று பத்துப் பதினைந்து பேர் குரூப்பில் போட்டிருந்தார்கள், அக்காவின் மிரட்டலோ என்னவோ. வித்யா பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

"போடு பாக்கலாம்."

டிம்மரைக் குறைத்தேன். பன்னிரண்டும் துடிக்க ஆரம்பித்தன. சேர்ந்தாற்போல் அல்ல, ஒவ்வொன்றும் அதனதன் தாளத்தில். கூடவே கொசுக்கூட்டம் போல் ஒரு ரீங்காரம். ராமர் பட்டாபிஷேகம் வெட்டி வெட்டித் தெரிந்தது. அனுமார் ஆடினார். குறைக்கிற சுவிட்சுக்கு ஏற்ற விளக்கு வேறு, ஏற்காத விளக்கு வேறு என்று பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். மகள் மட்டும் "டான்ஸ் பார்ட்டி!" என்று குதித்தாள்.

வித்யா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை எடுத்தாள். "உடம்பு சரியில்ல, வர வேணாம்னு போட்டுடறேன்" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. "விட்டுடு. ஜனவரியில எடிசன் போயிடலாம். நானும் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், அவ்ளோதான்."

"அஞ்சு நிமிஷம்" என்றேன். "அஞ்சே நிமிஷம் குடு, வித்யா." பாத்ரூமுக்குள் ஓடிப்போய் அக்காவுக்கு போன் போட்டேன். முழுவதையும் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ இயந்திரம் சுற்றும் ஓசை.

"தம்பி. நான் எழுதித் தந்த மருந்தில பாதியை மட்டும் குடிச்சிருக்கிறீர்."

"ஆமாம்க்கா."

"வாறன். அதுக்கிடையில வீட்டில கிடக்கிற விளக்கெல்லாத்தையும் ஹோலுக்குக் கொண்டுவந்து வையும். எல்லாத்தையும்."

கால் மணி நேரத்தில் கிளினிக்கிலிருந்து அப்படியே வந்துவிட்டார், நெற்றியில் கட்டிய வேலை விளக்கைக்கூடக் கழற்றாமல். சுரங்கத்திலிருந்து வெளியே வந்தவர் போலிருந்தார். ஹாலில் நான் குவித்திருந்தவை: எங்கள் படுக்கையறை விளக்கு இரண்டு, மகளின் படிப்பு விளக்கு, என் ஆபீஸ் மேஜை விளக்கு, விருந்தினர் அறையில் இருந்த ஒன்று, பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய ஒட்டுப்பட்டி விளக்குச் சுருள்.

"காணும், இவ்வளவும் போதும்" என்றார். "பிள்ளை, உன்ர காய்கறிக் கூடை ஒண்டு தா. மூங்கில் கூடை. தம்பி, நீர் பிளக் பொயின்ட் தேடும். யோசிக்காதேயும். உமக்கு யோசனை சரிவராது."

படிப்பு விளக்கின் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார். "வெளிச்சத்தைச் சுவருக்குக் காட்டும், ஆக்களுக்குக் காட்டாதேயும். சுவர் ஒண்டும் சொல்லாது." படுக்கையறை விளக்குகளில் ஒன்று சோபாவுக்குப் பின்னால், ஒன்று தொட்டிச் செடிக்குப் பின்னால் தரையில். செடியின் இலைகள் கூரையில் போய்ப் பெரிதாகப் படர்ந்தன, என் ஓட்டைகளையெல்லாம் மறைத்துக்கொண்டு. பல்பு வெளியே தெரிந்த ஒரு விளக்கின் மேல் வித்யாவின் கூடையைக் கவிழ்த்தார், பின்னலின் நிழல் சுவரெங்கும் விழுந்தது. ஒட்டுப்பட்டியை ஒவ்வொரு படியின் விளிம்புக்கும் அடியில், தன் பையிலிருந்த கிளினிக் பிளாஸ்திரியால் ஒட்டினார். பட்டி கண்ணுக்குத் தெரியவில்லை, பொம்மைகள் மட்டும் தெரிந்தன. வெற்றிலை பாக்கு கொடுக்கிற மேஜைக்கு மட்டும் என் ஆபீஸ் விளக்கை நன்றாகக் குனிய வைத்தார். நான் ஓடினேன், குனிந்தேன், ஒயரில் தடுக்கி விழுந்தேன். "பாத்து" என்றார், விளக்கிடம்.

ஆறு இருபத்தைந்துக்கு, என் பன்னிரண்டையும் நூர்த்தார். கேட்கவில்லை.

வித்யா ஹாலின் நடுவில் நின்று ஒரு சுற்று பார்த்தாள். போன் இன்னும் கையில் இருந்தது. அதைத் திருப்பி மேஜையில் வைத்தாள்.

முதலில் வந்தவர் அந்த "ஃப்ரீவேல டிராஃபிக்" அம்மாள். வாசலிலேயே குரல் இறங்கிவிட்டது. "அடடே, போன தடவை இதெல்லாம் இருந்துதா?" என்றவர், வித்யாவைப் பார்த்தார். பார்த்து, சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு உங்க முகமே சரியாத் தெரியலை. ரொம்பக் கண்டிப்பானவங்கன்னு நெனச்சேன்." பிறகு எவ்வளவு எளிதாக அது நடந்தது தெரியுமா, புடவையை ஒதுக்கிக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர். அதற்கடுத்து மூன்று பேர். ஒருத்தர் எடிசனில் நாலு வருஷம் இருந்திருக்கிறார், எங்கள் பழைய அபார்ட்மெண்டுக்கு இரண்டு தெரு தள்ளி. "அந்த லாண்டிரோமாட் பக்கத்துலயா?" "ஆமாங்க, அங்கயேதான்!" அப்புறம் என் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய பேச்சுதான். யாரோ பாடினார்கள். யாரோ பாட்டை மறந்தார்கள். எல்லோரும் சேர்ந்து மறந்த வரியைத் தேடினார்கள்.

ஏழே கால் ஆயிற்று. ஏழே முக்கால் ஆயிற்று. யாருக்கும் டிராஃபிக் நினைவில்லை. "ஏங்க, பதினாலு பேருக்கு உப்புமா கிண்ட முடியுமா?" என்று வித்யா என்னிடம் வந்து கேட்டாள். ஒன்பது நாளில் முதல்முறையாக அவள் என்னைப் பார்த்து "ஏங்க" என்றாள். நான் நாற்பது பேருக்குக் கிண்டியிருப்பேன்.

ரவையை வறுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அக்கா சோபாவின் மூலையில், செடி விளக்கின் பக்கத்தில் தூங்கிப்போயிருந்தார், வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு. காலையிலிருந்து எத்தனை பேருக்குப் பல் பிடுங்கினாரோ. எடிசன்காரப் பெண் குனிந்து, "இவங்க உங்க சொந்தமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"எங்க அக்கா" என்றாள் வித்யா, யோசிக்காமல்.

உப்புமா முடிந்து கிளம்பத் தயாரான அந்தப் பெண் நின்று திரும்பினார். "நான் காலைல ஏழு மணிக்கு இங்க பக்கத்துல இருக்கற பார்க்ல நடப்பேன். தனியாத்தான். நீங்களும் வர்றீங்களா?"

பதினோரு மாதமாக ஏழரை மணிக்கு முன்னால் எழுந்தறியாத என் மனைவி சொன்னாள்: "ஆறே முக்காலுக்கே வந்துடறேன்."

சோபா மூலையிலிருந்து, கண்ணைத் திறக்காமல் ஒரு குரல் வந்தது.

"காலமை வெயில் நேரா முகத்தில அடிக்கும், பிள்ளையள். மேற்கால பாத்து நடவுங்கோ. அப்பதான் கதைக்கலாம்."